பொதுக்கிணற்று வழக்கும் கடல் சட்டமும்

எந்தப் பாடம் எடுப்பது, எந்தக் கல்லூரிக்குப் போவது என்று நீங்கள் இருவரும் ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவைக் கேட்டீர்கள், பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கேட்டீர்கள், போன் போட்டு யார் யாரையோ கேட்டீர்கள். என்னைக் கேட்கவில்லை. அதில் தப்பில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் அதைத் துரத்திக்கொண்டு போகவில்லை. ஆனால் படிக்காத ஒரு குடும்பம் கூடி உட்கார்ந்து ஒருவனுக்குப் பாடம் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவன் நான். அதை எழுதி வைக்கிறேன். படித்த பிறகும் என்னைக் கேட்கத் தேவையில்லை என்று தோன்றினால் கேட்க வேண்டாம்.

உங்கள் சித்தப்பா இன்றைக்குக் கறுப்புக் கோட்டு போட்டுக் காரில் போகிற வக்கீல். எழுபதுகளில் அவன், கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் தமிழ்க் கிராமத்திலிருந்து ஓட்டைக் குடையோடு ரயிலேறி மேற்கே ஒரு சட்டக் கல்லூரிக்குப் போய்வந்த மாணவன். எங்கள் வகையறாவில் சட்டம் படிக்கப் போன முதல் ஆள் அவன்தான். கோர்ட்டுக்குப் போன முதல் ஆள் அவனல்ல. அந்தப் பெருமை என் அப்பாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும், அதாவது என் பெரியப்பாவுக்கும், உரியது.

அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பொதுக்கிணறு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் பெரியப்பா முறை. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டின காலத்தில் மாடு களைத்துப் போகும், கிணறு தப்பித்துக்கொள்ளும். பிறகு அப்பா மோட்டார் வைத்தார். மோட்டார் களைக்கவில்லை. எங்கள் முறை முடிந்து பெரியப்பா எட்டிப் பார்த்தால் அடியில் தவளை நடந்து போய்க்கொண்டிருக்கும். அவர் எங்கள் மேல் வழக்குப் போட்டார். அவர் வாதி, அப்பா பிரதிவாதி.

வழக்கு என்றதும் நீங்கள் முறைப்பும் வெட்டுக்குத்துமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வாய்தா நாளன்று வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். முதலில் ஏறுகிறவர் துண்டைப் போட்டு மற்றவருக்கு இடம் பிடிப்பார். எங்கள் வீட்டில் புளிச்சோறு கட்டுவார்கள், பெரியப்பா வீட்டிலிருந்து துவையல் வரும். தூக்குப்போசியைச் சுமப்பது என் வேலை. கோர்ட்டில் பேர் கூப்பிடுவார்கள், வக்கீல்கள் எழுந்து ஏதோ முனகுவார்கள், வேறு தேதி கொடுப்பார்கள். அப்புறம் இரண்டு பேரும் புங்கமரத்தடியில் ஒரே இலையில் சாப்பிடுவார்கள், மாட்டுச் சந்தையைச் சுற்றுவார்கள், விதைக் கடைக்காரரோடு வம்பளப்பார்கள், கடைசி பஸ்ஸில் திரும்பி வருவார்கள். மறுநாள் காலையில் கிணற்றடியில் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். ஊரில் சிலர் பழனிக்குப் போனார்கள். இவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

கடைசி வருடத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டிய சமயத்தில் என் தம்பி, அதாவது உங்கள் சித்தப்பா, ஓணம் லீவுக்கு வந்திருந்தான். கட்டாயப் பாடங்கள் போக, விருப்பப் பாடம் இரண்டு எடுக்க வேண்டும். நிலச் சட்டம், வரிச் சட்டம், தொழிலாளர் சட்டம், கடல் சட்டம் என்று சாப்பிடும்போது வரிசையாகச் சொன்னான். அவன் சும்மாதான் சொன்னான். அது ஒரு யோசனைக் கூட்டமாக மாறும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நெலச் சட்டத்த எடு," என்றார் அப்பா. "உன்ற பெரீப்பனுக்கு நாலு வார்த்தை சொல்லி வைக்கலாம்."

எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து எங்கள் மோரையே குடித்துக்கொண்டிருந்த பெரியப்பா, "அதையே எடு கண்ணு," என்றார். "உங்கப்பனுக்குச் சட்டம் சொல்றதுக்கு இந்த ஊட்ல ஒரு ஆளாச்சும் வேணுமல்ல."

அவர்கள் இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வண்டன்மேட்டிலிருந்து எங்கள் அத்தையின் கணவர், எங்களுக்கு மாமா, வந்திருந்தார். ஏலத் தோட்டக்காரர். அவர் பேச்சு எங்கள் பேச்சு மாதிரி இழுக்காது, கம்பம் பக்கத்து வேகம். "மருமகனே, வரிச் சட்டத்த எடுங்க," என்றார். "ஏலத்துல எங்காய் என்ன வெலைக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியுறதுக்கு முந்தி வரி ஆபீசுல தெரிஞ்சிருது. அது எப்படின்னு மட்டும் படிச்சுச் சொல்லிருங்க. ஒங்க படிப்பு கட்டுப்படியாயிரும்."

தம்பி மெதுவாக, "நான் கடல் சட்டம் எடுக்கலாம்னு இருக்கறனுங்க," என்றான்.

அப்பா மோர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"கடலா?" என்றார் அப்பா. "ஏண்டா, வாளையாத்து டேமத் தாண்டி இந்தப் பக்கம் எவனாச்சும் தண்ணியப் பாத்திருக்கானா? அதுல கேஸு எப்படி வரும்?"

"ரெண்டு கப்பல் மோதிக்கிட்டா வருமுங்க."

"நம்ம கோர்ட்டுக்கு எதுத்தாப்பல எப்படா கப்பல் மோதும்?"

"மோதுனாலும் இவம்பட அப்பன்தான் மோட்டாரப் போட்டு அந்தத் தண்ணியவும் உறிஞ்சிருவானே," என்றார் பெரியப்பா.

கடல் சட்டத்தின் மேல் தம்பிக்கு ஏன் அத்தனை ஆசை என்று பிறகு என்னிடம் தனியாகச் சொன்னான். அந்தப் பாடம் நடத்துகிற ஆசிரியர் பல வருடங்களாக ஒரே குறிப்பைத்தான் வாசிக்கிறாராம். எங்கே இருமுவார் என்பதுகூட மாணவர்களுக்குத் தெரியுமாம். கேள்வியும் மாறாது. இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? நான் அவனை ஆதரித்தேன். கடைசியில் அப்பாவுக்காக நிலச் சட்டம், தனக்காகக் கடல் சட்டம் என்று எழுதிக் கொடுத்தான். வண்டன்மேட்டு மாமாவுக்கு வரி ஆபீசின் ரகசியம் கடைசிவரை தெரியவில்லை.

இதோடு போயிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கடைசி வருடத்தில் செய்முறைப் பயிற்சி என்று ஒன்று இருந்தது. ஒரு வக்கீலின் ஆபீசில் இருந்து வேலை பழக வேண்டும். கூடவே ஒரு வழக்கைத் தேர்ந்தெடுத்து, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, தீர்ப்பு எல்லாவற்றையும் கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்து அறிக்கை எழுதித் தர வேண்டும். தீர்ப்பு இல்லாத வழக்கு செல்லாது. அறிக்கை இல்லாவிட்டால் அந்த வருடம் தேறாது.

அவனோடு படித்தவர்கள் புத்திசாலிகள். வாளையார் செக்போஸ்டில் அரிசி கடத்திப் பிடிபட்ட லாரிக்காரன் வழக்கை எடுத்துக்கொண்டான் ஒருவன். "செய்தாயா?" "செய்தேன்." அபராதம். அரை நாளில் பயிற்சி முடிந்து சினிமாவுக்குப் போய்விட்டான். என் தம்பி மட்டும் எங்கள் கிணற்று வழக்கை எடுத்தான். பயிற்சிக்கும் அப்பாவின் வக்கீலிடமே சேர்ந்துகொண்டான். அவன் கணக்கு இதுதான்: வழக்கு பிறந்ததிலிருந்து தெரியும், வாதி மடியில் வளர்ந்தவன், பிரதிவாதி பெற்ற பிள்ளை, பஸ்ஸில் துண்டு போட்ட இடம், மத்தியானம் புளிச்சோறு. உலகத்தில் எந்தச் சட்ட மாணவனுக்கு இவ்வளவு வசதி கிடைக்கும்?

அப்பா அப்போதே ஒன்று சொல்லிவிட்டார். "படி. ஆனா ஒரு தடவை கோட்டு உட்டாலும் ஊருக்கு வந்து மம்முட்டியப் புடிச்சிரோணும். எச்சா ஒரு வருசம் கட்டி அளுகறதுக்கு என்னால ஆகாது." கோட்டு விடுவது என்றால் எங்கள் ஊரில் பெயிலாவது. மண்வெட்டியைப் பிடிக்க எனக்கு ஒரு துணை கிடைக்கும் என்று நான் கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அவன் மண்வெட்டி பிடிக்கிற லட்சணத்தை நீங்கள் பார்த்ததில்லை. வாய்க்கால் வெட்டச் சொன்னால் தன் காலைத்தான் முதலில் வெட்டுவான். அவன் வக்கீலாவதுதான் வயலுக்கும் நல்லது, அவன் காலுக்கும் நல்லது.

வாய்தா வந்தது. பெரியப்பாவின் வக்கீலுக்குச் சளி. அடுத்த வாய்தாவில் எங்கள் வக்கீலின் மச்சினிக்குக் கல்யாணம். அதற்கடுத்து முன்சீப்புக்கு லீவு. அவசரநிலைக் காலம் அது. ரயில்கூட நேரத்துக்கு வருகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வழக்கு மட்டும் யாருக்கும் பயப்படவில்லை. ஒரு தடவை எல்லாரும் சரியாக வந்து சேர்ந்துவிட்டார்கள். தம்பி பேனாவைத் திறந்துவிட்டான். அப்போது அப்பா தன் வக்கீலின் காதில், "சந்தை நாளாப் பாத்து இன்னொரு தேதி வாங்கிக் குடுங்க சாமீ, அண்ணன் ஒரு கெடாரி பாக்கோணும்ங்கறாரு," என்றார். வாதியின் கிடாரிக்காகப் பிரதிவாதி வாய்தா வாங்கினார்.

தம்பி பேனாவை மூடினான். வக்கீல் ஆபீசுக்குப் போய் அழாத குறையாகக் கேட்டான். வக்கீல் பழைய கோயில் அக்கிரகாரத்துக்காரர், வெற்றிலை போடாமல் பேசமாட்டார்.

"கேட்டயோடா கொழந்தே," என்றார். "கேஸ் முடியணும்னு என்கிட்ட வந்து கேக்கற மொதல் மனுஷன் நீதான். உங்கப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வேண்டியது தீர்ப்பில்லே. வாய்தா. அதைத்தான் நான் கொறைவில்லாம குடுத்துண்டிருக்கேன்."

"நான் பெயிலாயிடுவேன் சார்."

"வேறே கேஸ் எடுத்துக்கோயேன்."

அந்த யோசனை அவனுக்கும் வந்திருந்தது. ஆனால் எந்த வழக்கு என்பதைக் கல்லூரியில் முன்பே எழுதிக் கொடுத்தாகிவிட்டது, மாற்றும் தேதியும் போய்விட்டது. எங்கள் கிணற்றில் குதித்தவன் எங்கள் கிணற்றிலிருந்துதான் ஏற வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவையும் பெரியப்பாவையும் ஒன்றாக உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னான். பரீட்சைக்கு முன்னால் தீர்ப்பு வராவிட்டால் தன் படிப்பு போயிற்று என்றான். இருவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். பெரியப்பாதான் முதலில் பேசினார்.

"இதுக்கு எதுக்குக் கண்ணு கண்ணக் கசக்கறே? நாளைக்கே ராஜியாப் போயிடறோம். ஏண்டா தம்பி?"

"போயிரலாமுங்கண்ணா," என்றார் அப்பா.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "ராஜி ஆகக் கூடாதுங்க பெரீப்பா! ராஜியானாச் சாட்சி கெடையாது, குறுக்கு விசாரணை கெடையாது. நான் என்னத்த எழுதறது? நீங்க ரெண்டு பேரும் நல்லாச் சண்டை போடோணுமுங்க. கூண்டுல ஏறி ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்லோணும். அப்புறம் முன்சீப்பு தீர்ப்புச் சொல்லோணும்."

"அவ்வளவுதான? போட்டுட்டாப் போச்சு," என்றார் அப்பா.

"எப்படிச் சண்டை போடறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடு கண்ணு," என்றார் பெரியப்பா.

உள்ளேயிருந்து அம்மா, "இத்தன வருசமாச் சண்டை சண்டைன்னு புளிச்சோறு கட்டிக் குடுத்தனே. இன்னம் பளகவே இல்லீங்களா?" என்றாள்.

பழகினார்கள். பழக்குவதற்கு முன்னால் தம்பி தானும் பழக வேண்டும் என்று என்னைச் சாட்சியாக்கினான். நான் மாட்டுக்கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தேன்.

"சாட்சியே, சம்பவ தினத்தன்று கிணற்றில் தண்ணீர் இருந்ததா?"

"டேய், தள்ளி நில்லு. மாடு ஒதைக்கப் போவுது."

"இது கேட்ட கேள்விக்குப் பதிலல்ல."

"ஒதைச்சதுக்கப்புறம் பதில் சொல்றேன்."

மாடு உதைத்தது. பால் முழுக்க அவன் வேட்டியில். நான் பதில் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது.

விசாரணை நாள் வந்தது. இந்த முறை யாருக்கும் சளியில்லை. எங்கள் வக்கீல் வெற்றிலைகூடப் போடாமல் வந்திருந்தார். பெரியப்பா சலவை வேட்டி கட்டிக் கூண்டில் ஏறினார். தம்பி வக்கீல்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தயாரானான். அப்பாவும் நானும் கடைசியில் நின்றோம். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். நாங்கள் ஜெயிக்க வேண்டும் என்று பிடித்தாரா, அண்ணன் நன்றாகப் பேச வேண்டும் என்று பிடித்தாரா, எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பாவின் வக்கீல் ஆரம்பித்தார். "உங்கள் முறையில் தண்ணீர் கிடைக்காதபடி உங்கள் தம்பி செய்தார், அப்படித்தானே?"

"ஆமாங்க," என்றார் பெரியப்பா, கம்பீரமாக. தம்பி எழுதினான். அப்பா தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். பெரியப்பா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "செஞ்சானுங்க. ஆனா வேணும்னு செய்யலீங்க. கரண்டு எப்ப வருதோ அப்பத்தானுங்க மோட்டாரு போடமுடியும்."

வக்கீல் இருமினார். "அதனால் உங்கள் பயிர் காய்ந்து நஷ்டமானது அல்லவா?"

"காஞ்சுதுங்க. கடலைக்காய் பூரா வாடிப்போச்சுங்க." தம்பி வேகமாக எழுதினான். "அப்புறம் அவனேதானுங்க அவன் மொறையில ஒரு நாளு எனக்கு உட்டுக் குடுத்தான். இல்லீன்னா ஒரு காய் தேறியிருக்காதுங்க."

கோர்ட்டில் சிரிப்பு. எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். கேட்க ஒன்றுமே பாக்கியில்லை. தம்பி பின்னாலிருந்து கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். அவனுக்காகவே ஒரு கேள்வி போட்டார் என்று நினைக்கிறேன்.

"உங்க தம்பி உங்களை எப்பவாவது அடிக்க வந்தாரோ? மிரட்டினாரோ?"

பெரியப்பாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "ஏனுங்க, என்ன பேச்சுப் பேசறீங்க? அவன் என்னைய எதுக்குங்க அடிக்கறான்? என்ற தம்பீங்க அவன்!"

முன்சீப் மலையாளி. எங்கள் பக்கத்துத் தமிழ் அவருக்கு நன்றாகத் தெரியும். அதுவரை கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்தார். "பின்னெ எதுக்குய்யா கேஸு போட்டே?"

பெரியப்பா கூண்டின் கட்டையைத் தடவிக்கொண்டார்.

"மோட்டாரு வெக்கறப்ப என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க எசமான்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா என் கையை விட்டுவிட்டு முன்னால் போனார். "கேட்டிருந்தா அண்ணன் வேண்டாம்னு சொல்லியிருப்பாருங்க எசமான்! அதுனாலதான் கேக்கலீங்க!"

"வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டன்டா," என்றார் பெரியப்பா கூண்டிலிருந்தே. "அஞ்சு எச்பி வேண்டாம், மூணு போதும்னு சொல்லியிருப்பன்."

"மூணு எச்பிக்கு மேட்டுக்காடு எப்படிப் பாயுமுங்க?"

"அதத்தான் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்ல!"

முன்சீப் மேசையைத் தட்டினார். இருவரையும் அதட்டினார். தம்பியைப் பார்த்தேன். அவன் தலை நிமிரவே இல்லை, எழுதிக்கொண்டே இருந்தான். அவனுக்கு வேண்டியிருந்த சண்டை ஒருவழியாகக் கிடைத்துவிட்டது.

அப்பாவையும் பேருக்குக் கூண்டில் ஏற்றி இறக்கினார்கள். அந்த வாரமே தீர்ப்பு வந்தது. வாதி தன் சாட்சியத்தாலேயே தன் வழக்கைத் தோற்கடித்துவிட்டார், வழக்கு தள்ளுபடி, அவரவர் செலவு அவரவருக்கு. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று வக்கீல் சொன்னார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். புங்கமரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்தோம். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சந்தைக்கும் போகவில்லை. பஸ்ஸில் இடம் நிறைய இருந்தும் இரண்டு பேரும் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்கள், ஆனால் பேசவில்லை.

தம்பி அறிக்கை எழுதிக் கொடுத்தான். வாய்மொழித் தேர்வில் ஆசிரியர், "இந்த வழக்கில் முக்கியமான சட்டப் பிரச்சினை என்ன?" என்று கேட்டாராம். தம்பி, "பிரதிவாதி வாதியை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டுமா என்பதுதான் சார்," என்றானாம். "அதற்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?" என்றால், "எதிலும் இல்லை சார், தேடிப் பார்த்துவிட்டேன்." ஆசிரியர் பாஸ் போட்டுவிட்டார். நிலச் சட்டத்தில் தட்டுத்தடுமாறித் தேறினான். கடல் சட்டத்தில் வகுப்பிலேயே அவன்தான் முதல். இருமுகிற இடம் உட்பட எழுதியிருப்பான்.

வீட்டில் பாயசம் வைத்தார்கள். பெரியப்பாவும் வந்து குடித்தார். மம்முட்டிக்குத் தப்பித்துவிட்டான் என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் வந்த சந்தை நாளில் அப்பா காலையிலேயே குளித்துச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தார். டவுனுக்குப் போக ஒரு காரணமும் இல்லை. பெரியப்பாவும் அந்தப் பக்கம் சலவை வேட்டியோடுதான் நின்றார். சண்டை போடவும் முடியவில்லை, தீர்ப்பு வந்துவிட்டதே. பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது.

மத்தியானம் பெரியப்பா என்னை வேலியோரம் கூப்பிட்டார்.

"கண்ணு, உங்கப்பங்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வா. இந்தக் கேஸுக்கு மேல்கோர்ட்ல அப்பீல் போடலாம்னு இருக்கறேன். போடட்டுமான்னு கேளு. அவன் வேண்டாம்னாப் போடலே."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"போடட்டுமான்னு கேட்டாரா?"

"கேட்டாருங்க."

"அவராக் கேட்டாரா, நீயாச் சொல்றயா?"

"அவராத்தானுங்க கேட்டாரு."

அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு களை. "போடச் சொல்லு," என்றார். "மேல்கோர்ட்டு பாலக்காட்டுலயல்ல இருக்குது. பஸ்ஸு மாறிப் போகோணும். நேரத்துலயே கெளம்பச் சொல்லு. அப்படியே அந்தக் கடல் வக்கீலக் கேளு, பெரீப்பனுக்கு அப்பீல் எளுதிக் குடுப்பானான்னு."

கேட்டேன். தம்பி கும்பிட்டான். "அண்ணா, நடுக்கடல்ல ரெண்டு கப்பல் மோதிக்கிட்டாக் கூப்புடு, வர்றேன். இந்தக் கெணத்துக்கு மட்டும் என்னையக் கூப்புடாதே."